அண்ணனின் பிபி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரவே முடியவில்லை. அண்ணனுக்குப் பக்கவாதம். இப்போது தேறிவருகிறார், பயப்படாதே.

ராத்திரி நன்றாகத்தான் படுத்தார். காலையில் சட்டைப் பொத்தானை வலது கையால் தடவிக்கொண்டே நின்றார், விரல் பிடிக்கவில்லை. வாயும் ஒரு பக்கம் கோணியிருந்தது. பிபி பார்த்தோம்: 204/110. அவருடைய மாத்திரையை எடுத்து வாயில் போடப் போனேன். "விழுங்க முடியாதவருக்கு எதைக் கொடுக்கிறாய்?" என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான். தூக்கத்தில் எப்போது வந்தது என்று தெரியாததால், ராத்திரி படுத்த நேரத்திலிருந்தே கணக்கிட்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கெடு தாண்டிவிட்டது என்றார்கள். சரி, பிபியையாவது குறைப்பார்கள் என்று பார்த்தால், 198 காட்டியும் யாரும் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளையில் செத்துப்போன இடத்தைச் சுற்றி, ரத்தம் போதாமல் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதி ஒன்று உண்டாம். மூளையின் ரத்தக்குழாய்கள் அழுத்தத்துக்கு ஏற்பத் தாமாகவே சுருங்கி விரியும். அந்தப் பகுதியில் அந்தத் திறன் போய்விடுகிறது. அழுத்தம் இருக்கும்வரைதான் அங்கே ரத்தம் போகும். சடாரென்று இறக்கினால் அதுவும் செத்துவிடும். அதனால் ஊசி போடாதவர்களுக்கு, வேறு ஆபத்து இல்லையென்றால் 220/120 வரை பொறுத்துப் பார்ப்பார்களாம். ஊசி போடுவதென்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவந்தே ஆக வேண்டும். ரத்தக்கசிவாக இருந்தால் மேல் அளவை 140 பக்கம் இறக்கப் பார்ப்பார்கள். இதில் எது என்று ஸ்கேன்தான் சொல்லும். நான் கையில் மாத்திரையோடு நின்றதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

பிபி ஏறியதால்தான் இவ்வளவு கடுமையாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். மூளை அடிபட்ட வேகத்திலும் பிபி ஏறுமாம். மிகவும் ஏறினாலும் கெடுதல், மிகவும் இறங்கினாலும் கெடுதல். அண்ணனுக்கு மூன்றாம் நாள் தானாகவே 160-க்கு வந்தது. பாதிப்பை 42-க்கு மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். சேர்த்தபோது 14, வீட்டுக்கு வரும்போது 6. நேற்று பொத்தானைத் தானே போட்டார்.

அப்புறம், உன் விஷயம். 155 இருந்தும் தலைசுற்றல் இல்லையென்று மாத்திரையை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். அண்ணனும் இதையேதான் சொல்வார். நம் வயதில் மேல் அளவு 20 கூடினால் பக்கவாதத்தால் சாகும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதுவும் 115-லிருந்தே. நாளைக்கே டாக்டரைப் பார். அடுத்த கடிதத்தில் உன் பிபி எவ்வளவு என்பதை முதல் வரியில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்