வட்டு தெரிந்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெயின்பிரேம் என்னும் பெருங்கணினியில் ஓடும் லினக்ஸுக்குச் சேமிப்பக வலையமைப்பிலிருந்து புதிய வட்டு ஒதுக்கும்போது, அது திரையில் தெரிந்ததுமே பணி முடிந்ததாகக் குறித்துவிடும் பழக்கம் இருக்கிறது. நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில், அது மாற வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சாதாரண சர்வரில், சேமிப்பக வலையமைப்போடு இணைக்கும் ஃபைபர் சேனல் கார்டு இயந்திரத்தோடு சேர்ந்தே விழித்துக்கொள்ளும். மெயின்பிரேமிலோ அதே வேலையைச் செய்யும், 0.0.1900 போன்ற எண் கொண்ட எஃப்சிபி சாதனத்தை நிர்வாகிதான் ஆன்லைனுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த எண் விலக்குப் பட்டியலில் இருந்தால் லினக்ஸின் கண்ணில் அது படவே படாது. ஆன்லைனுக்கு வந்த பிறகு சேமிப்பகத்தின் போர்ட்டுகளை, அதாவது இணைப்பு வாயில்களை, டிரைவரே தேடிக்கொள்ளும். லன், அதாவது சேமிப்பகம் ஒதுக்கித்தரும் வட்டு, விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு எஃப்சிபி சாதனத்துக்கும் தனி அடையாளம் தரும் என்பிஐவி என்ற வசதி இயங்கினால், லினக்ஸின் மையமான கெர்னலின் இன்றைய பதிப்புகளில் லன்களும் தாமாக வந்துசேரும். இல்லையென்றால் ஒவ்வொரு லன்னையும் ஒவ்வொரு பாதையிலும் கையால் சேர்க்க வேண்டும்.

ஒருமுறை நள்ளிரவில் நாங்கள் மூன்று மணி நேரம் ஸ்கேன் செய்துகொண்டே இருந்தோம். போர்ட்டுகள் தெரிந்தன, லன் மட்டும் வரவில்லை. அதிலிருந்தே நடுவில் இணைக்கும் ஸ்விட்ச் பக்கம் குற்றமில்லை, சேமிப்பகத்தில் அனுமதி கொடுத்த இடத்தில்தான் பிழை என்று நான் ஊகித்திருக்க வேண்டும். என்பிஐவியில் ஒவ்வொரு எஃப்சிபி சாதனத்துக்கும் டபிள்யூடபிள்யூபிஎன் என்னும் தனி அடையாள எண் உண்டு. அது ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும் 16 இலக்கப் பதின்அறும எண்; சேமிப்பகத்தில் அனுமதி கொடுப்பது அதை வைத்துத்தான். அதைத் தொலைபேசியில் படித்துச் சொன்னபோது 'பி' என்ற எழுத்து மறுமுனையில் 'டி' என்று காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்த எண்ணை நான் வாயால் சொல்வதில்லை, நகலெடுத்துத்தான் அனுப்புகிறேன்.

வட்டு வந்த பிறகும் இரண்டு சோதனைகள் மிச்சம் இருக்கின்றன. இரண்டு எஃப்சிபி சாதனங்களிலிருந்து தலா இரண்டு சேமிப்பகப் போர்ட்டுகளுக்கு வழி இருந்தால் ஒரே வட்டு நான்கு பெயர்களில் தெரியும், மல்டிபாத் என்ற மென்பொருள் அவற்றை ஒன்றாக்கும். நான்குக்குப் பதில் இரண்டே தெரிந்தாலும் தரவு ஓடும் என்பதால் எவரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த இரண்டும் ஒரே ஸ்விட்ச் வழியாகச் சென்றால், பராமரிப்புக்காக அதை நிறுத்தும் நாளில் வட்டே போய்விடும். அடுத்தது, ஓடும் கணினியில் மட்டும் செய்த மாற்றம் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பது. நிலையான அமைப்பிலும் அதை எழுதியாக வேண்டும். இயங்குதளமே இருக்கும் ரூட் வட்டு என்றால், கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் தொடக்க ராம் வட்டைப் புதுப்பித்து, தொடக்க நிரலை எழுதும் ஜிப்பல் கருவியையும் மறுபடி இயக்க வேண்டும்.

ஆகவே, மெயின்பிரேம் வைத்திருக்கும் நிறுவனங்கள் பணிமுடிப்புக் குறிப்பில் பாதைகளின் எண்ணிக்கையையும், ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்த்த நேரத்தையும் எழுதாமல் கையெழுத்திட அனுமதிக்கக் கூடாது என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெயின்பிரேம் நிர்வாகி ஒருவர்