ஐப்பசியில் வந்த ஆடிப்பட்டம்

மதிப்புக்குரிய தோட்டக்கலை அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித்தோட்டக் கிட் வந்து சேர்ந்தது, நன்றி. ஆனியில் பதிவு செய்தேன், ஐப்பசி 4ஆம் தேதி கிடைத்தது. அன்று தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

விதைப் பொட்டலத்தின் பின்பக்கம் 'விதைக்க ஏற்ற மாதம்: ஜூன், ஜூலை' என்று அச்சடித்திருக்கிறது. அது அடுத்த வருஷத்து ஜூனோ?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று உங்கள் அலுவலகச் சுவரிலேயே எழுதியிருக்கிறது, நான் வேறு சொல்ல வேண்டாம். எங்கள் கடலோரத்தில் ஆடி, ஆவணியில் விதை விழுந்தால் செடி தண்டு முற்றி நின்று, வடகிழக்குப் பருவமழையை ஓரளவாவது தாங்கும். ஐப்பசியில் போட்டால் என்ன ஆகும் என்பதை என் மாடியில் பார்த்தேன்.

குழித்தட்டில் நாற்பது தக்காளி நாற்று முளைத்தது. இரண்டிலை விட்டதும் நான்கு நாள் அடைமழை. மேலே பாலித்தீன் போர்த்தினால் புழுக்கத்தில் உள்ளே வியர்த்து ஒழுகியது. எடுத்தால் மழை அடித்தது. தென்னை நார்க்கழிவோ குடித்த தண்ணீரை விடுவதாயில்லை. ஐந்தாம் நாள் காலை போய்ப் பார்த்தால், அத்தனை நாற்றும் அடித்தண்டு நூலாகச் சுருங்கிச் சாய்ந்து கிடந்தது. இலை மட்டும் இன்னும் பச்சை. நாற்றழுகல்தான். (கிட்டோடு வந்த, அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவைக் கலந்துதான் விதைத்தேன். பழி என் பக்கம் திரும்பக் கூடாது, அதனால் சொல்கிறேன்.) அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

கொடி அவரை பிழைத்தது. பகல் குறுகும்போது பூக்கிற செடி அது. ஆடியில் போட்டிருந்தால் பந்தல் நிறையப் படர்ந்து, மார்கழி, தையில் காய்த்துத் தள்ளியிருக்கும். இப்போது பந்தலைத் தொடுவதற்குள்ளேயே பூவெடுத்துவிட்டது. அதற்காவது மாதம் தெரிகிறது.

அதனால் கேட்கிறேன்: விதையை ஆடிப்பெருக்குக்குள் கொடுங்கள்.

தாமதம் ஏன் என்று விசாரித்ததில், தொடக்க விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு விழா நன்றாகவே நடந்தது. போட்டோவுக்கு முன்வரிசையில் காய்த்துக் குலுங்கிய கத்திரிச் செடிகள் நர்சரியில் வாங்கியவையாமே? இந்த ஊரில் எல்லாமே இப்படித்தான். ஜூன் 5 அன்று சுற்றுச்சூழல் நாள் என்று கொளுத்தும் வெயிலில் மரக்கன்று நடுவோம். மழை வரும்போது குழியில் குச்சிதான் இருக்கும், பக்கத்தில் பெயர்ப்பலகை மட்டும் புதிதாக நிற்கும். சரி, அது வேறு கதை. இந்த மடல் விதையைப் பற்றியது.

பையும் நார்க்கழிவும் தாமதமானால் ஆகட்டும். பழைய பைகள் எங்களிடம் இருக்கின்றன. விதையை மட்டுமாவது ஆடி 18க்குள் தயவுசெய்து தாருங்கள். தபாலில் அனுப்புவதானால் ஸ்டாம்ப் ஒட்டிய உறையை வைகாசியிலேயே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வருஷமாகப் பதிவு செய்யும் ஒரு மொட்டைமாடிக்காரன்