பழைய கதவின் ஆணியும் வஜ்ரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளின் பழைய கதவு, நிலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பர்மாத் தேக்கைப் பற்றியும் செதுக்கு வேலையைப் பற்றியும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், அந்த மரத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஆணியையும் பசையையும் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டுவிட்டார். தச்சரின் மகனாகப் பிறந்து, முப்பது ஆண்டுகளாக இரும்புச் சாமான் கடை நடத்திவரும் எனக்கு அது பெருங்குறையாகப் பட்டது.

பழைய கதவிலிருந்து பிடுங்கிய ஆணி ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள். அது உருண்டையாக இராது. நான்கு பட்டையாக, கொண்டையிலிருந்து முனை வரை மெலிந்துகொண்டே போகும். கொண்டையின் மேல் சுத்தியல் விழுந்த தழும்புகள் தெரியும். கொல்லர் உலையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொன்றாக அடித்தெடுத்த ஆணி அது. இன்று நாங்கள் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் உருண்டை ஆணி, இழுத்த கம்பியை இயந்திரத்தில் வெட்டிச் செய்வது. அது 19ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. அதன் பிறகும் ஊர்க் கொல்லர்கள் ஆணி அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதால், ஆணியை மட்டும் வைத்துக் கதவின் வயதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் பட்டை ஆணிகளுக்கு நடுவே உருண்டை ஆணி ஒன்று தென்பட்டால், அந்த இடத்தில் பின்னாளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

போல்ட், நட்டின் கதையும் அப்படித்தான். கால் இஞ்ச் போல்ட் கேட்பவருக்கு அதே அளவு நட்டை யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிறோம். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1800ஐ ஒட்டி மரை, அதாவது போல்ட்டின் திருகுப் புரி, வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தி, அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841இல் மரைக்கு ஒரு பொது அளவை முன்வைக்கும் வரை, ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறும் என்பதற்கு உறுதியே கிடையாது.

கதவு ஆடுவதற்குப் போடும் இரும்பும் கீல்தான். படகில் நீர் புகாமல் பூசும் பிசினும் கீல்தான். ஒரே சொல்லில் இரும்பும் பசையும் சேர்ந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

என் தந்தையின் காலத்தில் மரவேலைக்குப் பசை என்றால் வஜ்ரம்தான். மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்து, வடித்த சாற்றைச் சுண்டவைத்து உலர்த்திய பழுப்பு நிறக் கட்டி அது. பண்டைய எகிப்தின் மரச்சாமான்களிலும் இவ்வகைப் பசை இருந்தது. முந்தின இரவே அதை ஊறப்போட்டு, காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஒரு தகர டப்பாவை இறக்கி அதில் உருக்குவார். நேராக நெருப்பில் வைத்தால் கருகிப் பிடிப்பை இழந்துவிடும். வாடை தெருமுனை வரை போகும். சூடு ஆறுவதற்குள் பலகைகளைச் சேர்த்து இறுக்கியாக வேண்டும் என்பதால், அந்த நேரத்தில் எங்களை அருகிலேயே விடமாட்டார்.

ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே 1912இல் உருவாக்கிய பாலிவினைல் அசிட்டேட்தான் இன்றைய வெள்ளைப் பசைக்கு மூலம். நம் நாட்டில் 1959இல் ஃபெவிகால் வந்தது. காய்ச்ச வேண்டாத, வாடையில்லாத பசை கிடைத்ததும் தச்சர்கள் வஜ்ரத்தைக் கைவிட்டதில் தவறில்லை. ஆனால் வஜ்ரத்துக்கு ஓர் அரிய குணம் உண்டு: சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். வயலின் செய்பவர்கள் இன்றும் அதை விடாமலிருப்பது, பழுது வந்தால் மரம் சேதப்படாமல் பிரிக்கலாம் என்பதற்காகத்தான். இதை அறியாத ஒருவரிடம் எங்கள் தாத்தாவின் பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தோம். அவர் நவீனப் பசையை ஊற்றி ஒட்டினார். அடுத்த முறை மூட்டைப் பிரிக்க முயன்றபோது மூட்டு விடவில்லை, பலகைதான் பிளந்தது.

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை பெருகிவரும் இந்நாளில், எந்த ஆணி, எந்தப் பசை என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்பதையும் தங்கள் இதழ் எழுத வேண்டும். பழைய இரும்புக்குப் போகவிருந்த பட்டை ஆணிகளை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். கட்டுரையாளர் விரும்பினால் கடைக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி