விருந்தாளிக்குத் தனி வைஃபை: சென்னை இணைய நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். ஸ்பீடு பற்றியோ பில் பற்றியோ புகார் சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் டெக்னீஷியன் வீட்டுக்கு வந்து ரவுட்டர் பெட்டியை மாட்டும்போது கூடுதலாக ஐந்து நிமிஷம் ஒதுக்கி, விருந்தாளிக்கும், கேமரா, பிளக் போல நெட்டில் சேரும் சாமான்களுக்கும் தனி வைஃபை போட்டுத்தரச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இப்போது என்ன நடக்கிறது? தம்பி வருகிறார், கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து, பால்கனி வழியாக உள்ளே கொண்டுவந்து, டிவிக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டுகிறார். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். கடைசியில் "பாஸ்வேர்டு என்ன சார் வைக்கட்டும்?" என்று கேட்பார், வீட்டுக்காரர் தன் செல் நம்பரையே சொல்வார், ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டி ஓடிபி வாங்கிக்கொண்டு தம்பி அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுவார். அவ்வளவுதான். பெட்டி பழுதாகும் வரைக்கும் அந்த வீட்டுக்கு ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேர்டு.

அந்தப் பாஸ்வேர்டு யார் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கச்சேரி சீசனுக்கு வந்து தங்கும் வெளிநாட்டு உறவினர்கள், பிள்ளைகளின் டியூஷன் நண்பர்கள், மாடி வீட்டுக்காரர், நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று கேட்ட ஏசி மெக்கானிக். வீட்டுக்கு வந்தவர் கேட்கும்போது நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டோம், சொல்லவும் கூடாது. ஆனால் அதே நெட்வொர்க்கில்தான் வாசல் கேமராவும், டிவியும், கீசருக்கு மாட்டிய ஸ்மார்ட் பிளக்கும், சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஆபீஸில் உட்கார்ந்தபடியே போட்டு நிறுத்துகிற அந்தச் சின்ன கன்ட்ரோலரும் இருக்கின்றன. பேங்க் வேலை பார்க்கிற லேப்டாப்பும், குடும்பப் போட்டோ முழுக்க இருக்கிற ஹார்டு டிஸ்க்கும் அதில்தான்.

சரி, பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டியதுதானே என்பீர்கள். யாரும் மாற்றுவதில்லை, ஏன் என்று உங்களுக்கும் தெரியும். மாற்றிய நிமிஷமே கேமரா, பல்ப், பிளக், மோட்டார் எல்லாம் அறுந்துபோகும். ஒவ்வொன்றையும் ரீசெட் செய்து, அதனதன் ஆப்பைத் திறந்து, மினுக்மினுக்கென்று எரிகிற லைட்டைப் பார்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். சம்ப் மோட்டார் கன்ட்ரோலர் இருப்பதோ கீழே மீட்டர் போர்டு பக்கத்தில், அங்கே சிக்னலே பாதிதான். ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால் ஒருமுறை கொடுத்த பாஸ்வேர்டு, கொடுத்தவர்கள் கையிலேயே வருஷக்கணக்கில் கிடக்கிறது. விருந்தாளிக்கு ஒன்று, சாமான்களுக்கு ஒன்று என்று பெயர் பிரிந்திருந்தால் விருந்தாளி பாஸ்வேர்டை மாசம் ஒருமுறைகூட மாற்றலாம், ஒரு பல்ப்கூட அணையாது.

ஆனால் மனிதர்களைவிட எனக்குப் பயம் சாமான்கள் மேல்தான். 2016-இல் மிராய் என்ற நாச நிரல் உலகம் முழுக்க கேமரா, அதன் படத்தைப் பதிந்துவைக்கும் டிவிஆர், வீட்டு ரவுட்டர்களுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை, கம்பெனி போட்டுக்கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, திறந்துகொண்டது. அந்த வருஷம் அக்டோபரில் அப்படிப் பிடித்த சாமான்களை வைத்து, தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றிக்கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல இடங்களில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாச் சாமானுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதற்குச் சட்டப்படி தடை. நம் மத்திய அரசின் தொலைத்தொடர்பு பொறியியல் மையம் இந்தச் சாமான்களுக்காக 2021-இல் வெளியிட்ட நடைமுறைக் குறிப்பிலும் முதல் விதியே இதுதான், ஆனால் அது அறிவுரையோடு நிற்கிறது. அப்புறம், இனிமேல் வரும் சாமான்கள் ஒழுங்காக இருந்தாலும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கி மாட்டிய பழைய கேமராவுக்கு யார் அப்டேட் அனுப்பப் போகிறார்கள்? அது கெட்டுப்போனாலும் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பைத் தொட முடியாமல் வைப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அந்தக் கையையும் உங்கள் பெட்டி கட்டிப்போடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். பல பெட்டிகளில் நாலு வைஃபை பெயர் வரை வைக்க இடம் உண்டு, ஆனால் அந்தப் பக்கத்துக்குள் போகும் அட்மின் பாஸ்வேர்டு வாடிக்கையாளருக்குக் கிடைப்பதில்லை. கஸ்டமர் கேரில் கெஞ்சி இரண்டாவது பெயர் வாங்கினாலும் பெயர்தான் இரண்டு, உள்ளே எல்லாம் ஒன்றாகத்தான் ஓடுகிறது. சந்தேகம் இருப்பவர்கள் விருந்தாளிக்கான அந்த இரண்டாவது பெயரில், அதாவது கெஸ்ட் வைஃபையில், சேர்ந்து பிரவுசரில் 192.168.1.1 என்றோ, பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியையோ அடித்துப் பாருங்கள், அட்மின் லாகின் பக்கம் வருகிறதா? வீட்டுப் பிரிண்டர் பட்டியலில் தெரிகிறதா? தெரிந்தால் அது கெஸ்ட் நெட்வொர்க்கே இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றை எட்டாமல் பிரிக்கிற ஐசோலேஷன் என்ற ஒரு டிக் விட்டுப்போயிருக்கும், அல்லது அந்த மாடலில் அது கிடையவே கிடையாது.

ஆள் அனுப்ப வேண்டுமே என்று சொல்லாதீர்கள். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் "இங்கிருந்தே ரெஃப்ரெஷ் பண்ணியிருக்கேன் சார்" என்கிறார்கள் அல்லவா, அது பெரும்பாலும் டிஆர்-069 வழியாக, தூரத்திலிருந்தே பெட்டியைக் கவனிக்க 2004-லிருந்து இருக்கிற முறை. வைஃபை பெயரை, பாஸ்வேர்டை, பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை எல்லாம் ஆபீஸிலிருந்தே மாற்ற முடியும். அதே வழியில், பெட்டியில் அந்த வசதி இருக்கிற வீடுகளுக்கெல்லாம் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு கெஸ்ட்டைத் திறந்துவிடலாமே.

உங்களுக்கும் இதில் லாபம் உண்டு. மலிவான பல்ப், பிளக் எல்லாம் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும். நீங்களோ 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறீர்கள், பல்ப் சேராமல் திண்டாடுகிறவர் கடைசியில் உங்களுக்குத்தான் போன் போடுகிறார். சாமான்களுக்கென்று 2.4-இல் மட்டும் ஒரு பெயர் இருந்தால் அந்தப் போன்களில் பாதி வராது. வீட்டு நெட்வொர்க்கை டபிள்யூபிஏ3 என்ற புதிய, பலமான வைஃபை பூட்டுக்கு மாற்றவும் முடியும், இப்போது பழைய பல்ப்புக்காக மொத்த வீடும் டபிள்யூபிஏ2-விலேயே கிடக்கிறது.

பிரித்தால் சில தொல்லைகள் வரும், அதையும் மறைக்க வேண்டாம். செல்லில் இருப்பதை டிவிக்கு அனுப்புகிற வேலை, இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருந்தால் பெரும்பாலும் நடக்காது. பிரிண்டரும் அப்படித்தான். அந்த இரண்டையும் வீட்டு நெட்வொர்க்கிலேயே விட்டுவிடலாம் என்பது என் கட்சி, கேமராவும் பிளக்கும் வெளியே போனாலே பாதி நிம்மதி. புதுச் சாமானைச் சேர்க்கும்போது செல்லையும் கொஞ்ச நேரம் சாமான் வைஃபைக்கு மாற்ற வேண்டியிருக்கும். இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத் தாளில் அச்சடித்துப் பெட்டியோடு கொடுத்தால் போதும்.

சொந்தமாக ரவுட்டர் வாங்கி மாட்டுகிறவர்களுக்காகவும் ஒன்று. உங்கள் பெட்டி இணைப்பை மட்டும் கடத்தி, ரவுட்டர் வேலையை எங்கள் ரவுட்டருக்கு விட்டுக்கொடுக்கும் பிரிட்ஜ் மோட் கேட்டால் 'பாலிசி இல்லை' என்ற பதிலை மாற்றுங்கள். அது கிடைக்கும் வரை, இரண்டு பெட்டி வைத்திருப்பவர்கள் சாமான்களையும் விருந்தாளியையும் கம்பெனிப் பெட்டியில் விட்டு, வீட்டாரை அதற்குப் பின்னால் சொருகிய தங்கள் ரவுட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறக்கூடாது, உள்ளே இருக்கும் ரவுட்டரிலிருந்து வெளியே எட்டலாம், வெளியிலிருந்து தானாக உள்ளே வர முடியாது. மாற்றி மாட்டினால் விருந்தாளி உங்கள் லேப்டாப்பை எட்டிவிடுவார்.

உங்கள் இன்ஸ்டலேஷன் படிவத்தில் ஸ்பீடு டெஸ்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே 'கெஸ்ட் வைஃபை போட்டாச்சா, அதில் வீட்டுப் பிரிண்டர் தெரியாமல் இருக்கிறதா' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அந்தக் கூடுதல் ஐந்து நிமிஷத்துக்குத் தம்பியின் கூலியில் பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரியிலிருந்து உங்கள் சந்தாதாரர் ஒருவர்