பேப்பரில் போடும் விலைக்கு எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவில் ஒரு சண்டை. அதில் உங்கள் பத்திரிகைக்கும் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அம்மா உங்கள் நாளிதழை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டிக்கார அம்மாவை மறித்தார். "தக்காளி 22 ரூபாய்னு போட்டிருக்கான். நீ 40 சொல்றியே, நியாயமா?" வண்டிக்காரம்மா தராசைக் கீழே வைக்கவே இல்லை. "அப்ப பேப்பர்காரன்கிட்டயே ரெண்டு கிலோ நிறுத்து வாங்கிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டு அம்மா அன்றைக்குத் தக்காளி வாங்கவில்லை. மறுநாள் 40 ரூபாய்க்கே வாங்கினார்.

நீங்கள் போட்ட 22 ரூபாய் கோயம்பேட்டு மொத்த விலை. பக்கத்திலேயே பொடி எழுத்தில் அதைச் சொல்லியும் இருந்தீர்கள். ஆனால் காலையில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் பார்க்கிறவர்களுக்கு எண் மட்டும்தான் தெரியும். அந்த 22 எப்படி 40 ஆகிறது என்று வண்டிக்காரம்மாவிடம் நானே உட்கார்ந்து கேட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை வண்டி பிடித்துக் கோயம்பேடு போகிறார்கள். 15 கிலோ பெட்டி 330 ரூபாய். சுமை கூலி 20. வண்டி வாடகையில் அந்தப் பெட்டியின் பங்கு 40. பெட்டியில் மேல்வரிசைப் பழம் பளபளவென்று இருக்கும், அடியில் இருப்பது நசுங்கியிருக்கும். இரண்டு கிலோ போய்விட்டால் மிச்சம் 13. ஆக, அவர் நிறுக்கத் தொடங்கும்போதே கிலோ 30 ரூபாய் விழுந்துவிட்டது. எல்லாம் 40-க்குப் போனால் பெட்டிக்கு 130 ரூபாய் நிற்கும். சாயங்காலம் ஆக ஆக 30-க்கும் 25-க்கும் தள்ளிவிடுவார். இதில் எந்த இடத்தில் கொள்ளை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக் குடைந்து கேட்பது எனக்குப் பழைய பழக்கம். புள்ளியியல் துறையில் 31 வருடம் வேலை பார்த்து 2015-ல் ஓய்வுபெற்றேன். அதில் 14 வருடம், மற்ற வேலைகளோடு, வாரம் ஒருநாள் வடசென்னையில் ஒரு சந்தைக்குப் போய் விலை எழுதி வருவதும் என் பொறுப்பு. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்காக எழுதுவது. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடுகிறதே, அகவிலைப்படி ஏறுவதெல்லாம் எதை வைத்தோ, அந்த எண்.

சொன்னால் சுலபம்: அதே கிழமை, அதே கடை, அதே சரக்கு. ஒரு பொருளுக்கு இரண்டு கடை. கடை மூடியிருந்தால் கேட்கவென்று மாற்றுக் கடை ஒன்று. புழுங்கலரிசி என்றால் போன வாரம் எந்த ரகமோ அதே ரகம். சோப்பு என்றால் அதே கம்பெனி, அதே எடை. முதல் வருடம் முழுக்க என்னை சேல்ஸ் டாக்ஸ் ஆள் என்றே நினைத்தார்கள். நான் சந்தைக்குள் நுழைந்ததும் விலை இறங்கிவிடும்! "அம்மா, துவரம்பருப்பு 18 ரூபாய்தான்" என்பார் கடைக்காரர். பக்கத்தில் நிற்கிறவர் 20 கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பார். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கால் கிலோ வாங்கிக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் எழுதுவேன். பாக்கிச் சில்லறை பொய் சொல்லாது. அந்த வகையில் எங்கள் வீட்டில் பல வருடம் கால் கிலோ பொட்டலமாகவே பருப்பு இருந்தது. வீட்டுக்காரர் கேலி செய்வார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 13-ஆம் தேதி இதழில் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள்: அக்டோபரில் சில்லறை விலைவாசி உயர்வு 0.25 சதவீதம்தான், இந்தக் குறியீட்டு வரிசையில் இதுவரை இல்லாத அளவு குறைவு என்று. எண் சரியான எண்தான். (இது நான் விலை எழுதிய தொழிலாளர் குறியீடு அல்ல, நாட்டு மக்கள் எல்லாருக்குமான பொதுக் குறியீடு.) ஆனால் அன்று சாயங்காலம் தெருமுனை டீக்கடையில் அதைப் படித்துச் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அதே கடையில் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து டீ 12 ரூபாயிலிருந்து 15 ஆகியிருக்கிறது. நூற்றுக்கு 25.

அவர்கள் சிரித்ததற்குக் காரணம், அந்த 0.25 எதோடு ஒப்பிட்டது என்று நீங்கள் சொல்லவில்லை. முந்தைய வருடமான 2024-ன் அக்டோபரோடு ஒப்பிட்டது. அந்த அக்டோபரில் காய்கறி விலை தலைக்கேறி நின்றது. நாடு முழுக்கக் கணக்கிட்டால் அதற்கு முந்தைய வருடத்தைவிடக் காய்கறி 42 சதவீதம் கூடுதல். என் நோட்டில் 2024 அக்டோபர் முதல் வாரத்தில் தக்காளி 100 ரூபாய் என்று இருக்கிறது. அந்த மலை உச்சியிலிருந்து அளந்தால் 2025-ன் தக்காளி பள்ளத்தில்தான் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் என்று பலவற்றுக்கு ஜிஎஸ்டி குறைந்ததும் சேர்ந்துகொண்டது. அரிசியோ டீயோ வாடகையோ இறங்கியதாக அதற்கு அர்த்தம் கிடையாது.

அதோடு, 0.25 என்பது கிராமமும் நகரமும் கலந்த எண். நகரத்துக்கு மட்டும் என்றால் அதே அறிக்கையில் 0.88 என்று தனியாக இருக்கிறது. கிராமத்துக்குப் பூஜ்யத்துக்கும் கீழே. இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியமான காரணம் வீட்டு வாடகை. 2012-ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது அந்த ஆண்டின் விலையை 100 என்று வைத்து, அப்போது கணக்கிட்ட அந்தக் குறியீட்டில், நகரத்துக் குடும்பச் செலவு 100 ரூபாய் என்றால் வீட்டுக்கு 21 ரூபாய் 67 பைசா. கிராமத்துக்கு வீட்டு வாடகை என்ற கணக்கே அதில் இருந்ததில்லை. இரண்டையும் கலந்ததில் 10 ரூபாய்க்குச் சுருங்கிவிட்டது. சென்னையில் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை வாடகையாகக் கொடுப்பவரை யாராவது காட்டினால் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வாடகை எழுதப் போன கதையையும் சொல்ல வேண்டும். வாடகையை வாராவாரம் கேட்பதில்லை. குறிப்பிட்ட சில வீடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் கேட்பது வழக்கம். ஓட்டேரிப் பக்கம் ஒரு ஸ்டோர் வீடு, பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் வீடு. ஹவுஸ் ஓனர் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். குடியிருக்கிற அம்மா என்னிடம் சத்தமாக "ஆயிரத்து இருநூறு ரூபாய்ங்க" என்கிறார். முந்தானைக்குக் கீழே கை விரல்களை விரித்து வேறு கணக்குக் காட்டுகிறார். முதலில் ஒரு விரல், அப்புறம் எட்டு விரல். ஓனருக்கு வரி பயம், அந்த அம்மாவுக்கு ஓனர் பயம். நான் 1,800 என்று எழுதிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது அந்தக் குடும்பம் அங்கே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டால், அங்கே பத்து வருடமாக இருக்கிறவர் கொடுக்கிற வாடகைதான் பெரும்பாலும் கிடைக்கும். பழைய குடித்தனக்காரருக்கு மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். புதிதாக வீடு தேடுகிறவருக்கு நடப்பதே வேறு. என் மகள் வேளச்சேரியில் 2019-ல் 16,000-க்குக் குடிபோனாள். வருடாவருடம் கொஞ்சம் ஏறி, போன வருடம் 20,000. ஓனர் பையனுக்குக் கல்யாணம் என்று இந்த மே மாதம் காலி செய்யச் சொன்னார்கள். அதே தெருவில், அதே அளவு வீடு, இப்போது 27,000. அட்வான்ஸ் ஆறு மாதம் கேட்டார்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டம் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அதைச் சொன்னதும் அந்த ஓனர் கோபப்படவில்லை. "சட்டப்படி இருக்கிற வீடாப் பாருங்கம்மா" என்று அன்பாகச் சொன்னார். திரும்பி வரவேண்டிய பணம் என்பதால் அட்வான்ஸ் எந்தக் குறியீட்டிலும் ஏறாது. ஆனால் அதற்காக மகள் அடகு வைத்த வளையல் என்னுடையது.

ஒரே ஊருக்குள்ளேயே ஆளுக்கு ஒரு விலை என்பதற்குப் பால் நல்ல உதாரணம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48 ரூபாயாக இருந்ததை 2022 நவம்பரில் 60 ஆக்கினார்கள். மாத அட்டை வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் 46-ஆகவே விட்டார்கள். அதாவது அரை லிட்டர் பாக்கெட் எனக்கு 23, அட்டை இல்லாத என் மகளுக்கு 30. அவள் வாங்குகிற பெட்டிக்கடையில் கூலிங் சார்ஜ் என்று மேலே ஒரு ரூபாய். பால் விலை என்ன என்று யாராவது நோட்டும் பேனாவுமாக வந்து கேட்டால், நாங்கள் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்வோம்.

நீண்ட காலக் கணக்குக்கு நான் விலை எழுதிய தொழிலாளர் குறியீட்டை விட்டால் வேறு நாதி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் விலை எழுதிய காலத்தில் 1982 அடிப்படை ஆண்டு. அப்புறம் 2001, இப்போது 2016. பழைய வரிசையைப் புதியதோடு இணைக்க ஒரு பெருக்கல் எண் கொடுப்பார்கள்: முதலாவது 4.63, அடுத்தது 2.88. 2025 அக்டோபர் எண் 147.7. மூன்றையும் பெருக்கி 100-ஆல் வகுத்துப் பாருங்கள். 1982-ல் ஒரு ரூபாய்க்கு வாங்கியதற்கு 2025 அக்டோபரில் 19 ரூபாய் 70 பைசா ஆயிற்று. எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னேன். "இட்லி அப்ப முப்பது பைசா, இப்ப பத்து ரூபாயாச்சே" என்று உடனே மடக்கிவிட்டார். பதில் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, அதற்குள் அவர் குழாயடிக்குப் போய்விட்டார்.

சொல்ல வந்த கோரிக்கை இதுதான். அகவிலைப்படி 2025 ஜூலையிலிருந்து 58 சதவீதம் ஆனது தொழிலாளர் குறியீட்டின் அகில இந்திய எண்ணை வைத்து. அதற்குள் 88 மையங்களின் விலை கலந்திருக்கிறது. அந்த 88-ல் சென்னையும் ஒன்று. சென்னைக்கென்று தனி எண் மாதாமாதம் வரவே செய்கிறது. 14 வருடம் மழையிலும் வெயிலிலும் சந்தையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தனி எண்ணைத் தமிழ்ப் பத்திரிகை எதிலும் நான் பார்த்ததில்லை. தங்கம் சவரன் விலையைக் காலை ஒருமுறை மாலை ஒருமுறை போடுகிறீர்கள். சென்னை எண்ணை மாதம் ஒருமுறை நாலு வரியில் போடலாமே.

காய்கறிக்கு மொத்த விலையோடு சில்லறை விலையும் போடுங்கள். பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். வடசென்னையில் ஒன்று, தென்சென்னையில் ஒன்று, புறநகரில் ஒன்று என மூன்றே சந்தை. வாரம் ஒருநாள், அதே கடை, அதே பத்து சாமான். உங்கள் நிருபர்கள் கால் கிலோ வாங்கிவிட்டே எழுதட்டும். எந்தத் தெருவில் என்ன வாடகைக்குப் புதிதாகக் குடிவந்தார்கள் என்று வாசகர்களைக் கேட்டாலே மாதம் நூறு கடிதம் வரும். அதையும் போடுங்கள், முன்பணத்தோடு சேர்த்து.

கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை என்பதால் நான் என் வழக்கத்தை விடவில்லை. வியாழக்கிழமைதோறும் அதே நோட்டு. 2023 ஜூலையில் தக்காளி 100-ஐத் தாண்டிப் போய், ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, அந்த நாலு வாரமும் வண்டிக்காரம்மா கறிவேப்பிலைகூடக் கொசுறு தரவில்லை என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். கொசுறு நின்றுபோவதும் ஒரு விலையேற்றம்தான். அதை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இருந்ததில்லை.

மாதிரிக்கு இந்த வாரத்துப் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். எல்லாம் எங்கள் தெருவில், காசு கொடுத்து வாங்கியது. தக்காளி 40, பெரிய வெங்காயம் 30, உருளை 40, தேங்காய் நடுத்தரம் ஒன்று 38, புழுங்கலரிசி கிலோ 58. கறிவேப்பிலைக்கு நேராக விலை எழுதவில்லை. இந்த வாரம் ஒரு கைப்பிடி சும்மாவே கிடைத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஊழியர்,
அயனாவரம், சென்னை-23