பிரெஞ்சைத் தமிழ் வழியாகச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் பிளஸ் டூ பிரெஞ்சுப் பாடக் குறிப்பைப் படித்தேன். 'கொந்திஸியொனெல் ப்ரெஸான்' (நிபந்தனை, கற்பனை, பணிவு போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவம்) பகுதியை, 'ஆங்கிலத்தில் வுட் வரும் இடங்களில் இது வரும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். புதுச்சேரியில் 27 வருஷமாக வீட்டில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த 'வுட்'டில்தான்.

வடிவத்தைக் கற்பது சிரமமில்லை. எதிர்காலத்துக்கு எடுக்கும் அதே வினையடி, அதன் பின்னால் 'ஆம்பர்ஃபே' என்கிற இறந்தகாலத்தின் விகுதி. அவ்வளவுதான். எத்ர் (இரு), அவ்வார் (வைத்திரு), அலே (போ), ஃபேர் (செய்) போன்ற சில வினைகளுக்கு மட்டும் ஸெர், ஓர், இர், ஃபெர் என்று அடி மாறும். அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். 'நான்' என்று வரும்போது எதிர்காலத்துக்கும் இதற்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம் கடைசியில் ஒரு எஸ்.

சிக்கல் வாக்கியத்தில் வருகிறது. போன மாதம் ஒரு மாணவி 'பணம் இருந்தால் வீடு வாங்குவேன்' என்பதை 'ஸி ஜொரே' என்று தொடங்கியிருந்தாள். 'ஸி' என்றால் ஆங்கில 'இஃப்'; 'ஜொரே' என்பது அவ்வாரின் கொந்திஸியொனெல். 'இஃப் என்றால் வுட்' என்று உருப்போட்டதால், 'ஸி'க்குப் பக்கத்திலேயே கொந்திஸியொனெலை ஒட்டிவிட்டாள். சிவப்பு மையால் அடிக்கவில்லை. 'இருந்தால்' என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னேன். இருந்து, ஆல். வந்தால், போனால், கொடுத்தால் எல்லாமே இறந்தகால அடியில் 'ஆல்' சேர்ந்தவை. பிரெஞ்சிலும் 'ஸி'க்குப் பின்னால் இறந்தகாலம்தான் வரும், கொந்திஸியொனெல் அடுத்த பாதிக்குத்தான் என்றேன். அவளே அடித்துவிட்டு எழுதினாள்: 'ஸி ஜவே த லார்ஜான், ஜஷேத்ரே யூன் மேஸோன்.' அன்றைக்குப் பிறகு அந்தத் தப்பு அவள் நோட்டில் வரவில்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நிஜமாக நடக்கக்கூடியதற்கும் நாம் 'மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்' என்றே சொல்கிறோம். பிரெஞ்சில் அதற்கு 'ஸி'யோடு நிகழ்காலம், அடுத்த பாதியில் எதிர்காலம். வெறும் கற்பனை என்றால்தான் மேலே சொன்ன வடிவம்.

இன்னொரு பயன்பாடு உங்கள் தொழிலைச் சேர்ந்தது. பிரெஞ்சுச் செய்தித்தாளில் 'ல மினிஸ்த்ர் ஸெரே மலாத்' என்று வந்தால், 'அமைச்சருக்கு உடம்பு சரியில்லையாம்' என்று பொருள். செய்தி இன்னும் உறுதியாகவில்லை என்பதை அந்த ஒரு வினையே சொல்லிவிடும். இங்கே 'வுட்' போட்டுப் பார்த்தால் அர்த்தமே கிடைக்காது. நம் 'ஆம்' கச்சிதமாகப் பொருந்தும். குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

மரியாதையும் இதே வடிவத்தில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். கணவரின் பென்ஷன் விஷயமாக எங்கே போனாலும் 'ஜெ வூத்ரே' (எனக்கு வேண்டும் என்பதைப் பணிவாக, கொந்திஸியொனெலில்) என்றுதான் ஆரம்பிப்பார். 'ஜெ வெ' (எனக்கு வேண்டும்) என்று நேராக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இலக்கணப் புத்தகத்தை அவர் திறந்ததே இல்லை. பேரன் கேட்டபோது, "கொடுன்னு கேக்கறதுக்கும் கிடைக்குமான்னு கேக்கறதுக்கும் வித்தியாசம் இல்லியாடா?" என்றார். அந்தப் பையன் என்னிடம் வந்து படிப்பவன். அவனுக்கு இந்தப் பாடத்தை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

தமிழ் தெரிந்த பிள்ளைகளை ஆங்கிலம் வழியாகச் சுற்றவிட்டுப் பிரெஞ்சுக்குக் கூட்டிப்போக வேண்டாம். அடுத்த குறிப்பில் 'இருந்தால்', 'இல்லையாம்', 'கிடைக்குமா' மூன்றையும் வைத்து ஒரு பத்தியாவது சேருங்கள். மாதிரி வாக்கியங்கள் வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன்.

தங்கள் வாசகி,
பிரெஞ்சு ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி