துகள்களின் நிறையை அலகு மாற்றும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மாதிரி வினா விடையில், ஹீலியம் அணுக்கருவின் பிணைப்பு ஆற்றல் (அதன் துகள்களைத் தனித்தனியாகப் பிரிக்கத் தேவையான ஆற்றல்) 22.4 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று அச்சாகியிருந்தது. சரியான மதிப்பு 28.3 ஆகும். இது அச்சுப்பிழை அன்று. படிப்படியாகப் போட்டுக் காட்டியிருந்த அந்தக் கணக்கில் கூட்டலிலோ பெருக்கலிலோ எந்தத் தவறும் இல்லை. அப்படியிருந்தும் விடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனதற்குத் துகள்களின் நிறையைக் கையாண்ட விதமே காரணம் என்பதால், பொதுத்தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளின் நலன் கருதி இதை எழுதுகிறேன்.

விடை எழுதியவர் புரோட்டான், நியூட்ரான் இரண்டின் நிறையையும் 1.67 × 10⁻²⁷ கிலோகிராம் என்றும், ஹீலியம் அணுக்கருவின் நிறையை 6.64 × 10⁻²⁷ கிலோகிராம் என்றும் எடுத்துக்கொண்டார். இரு புரோட்டான், இரு நியூட்ரான் ஆக நான்கு துகள்களின் மொத்தம் 6.68, அணுக்கருவின் 6.64 போக மிச்சம் 0.04. இந்த மிச்சம்தான் நிறைக் குறைபாடு. இதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றினால் 22.4 வருகிறது. ஆனால் புரோட்டானின் நிறை 1.67262, நியூட்ரானின் நிறை 1.67493. இவற்றை வைத்துக் கூட்டினால் மொத்தம் 6.69510, அணுக்கருவின் நிறை 6.64466, குறைபாடு 0.05044. தேடும் அளவு மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோது, மூன்று இலக்கங்களோடு நிறுத்திக்கொள்வது, எடைமேடையில் லாரியை ஏற்றி இறக்கி அதில் வந்த ஒரு மூட்டையின் எடையைக் கிராம் கணக்கில் சொல்ல முயல்வதைப் போன்றது.

இந்தப் பிழையால் இயற்பியலே மாறிப்போகிறது என்பதுதான் என் கவலை. 28.3 ஐ நான்கால் வகுத்தால் ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கு) ஏறத்தாழ 7.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. 22.4 ஐ வகுத்தால் 5.6தான், அது லித்தியம்-7 அணுக்கருவுக்கு உரிய மதிப்பு. பிணைப்பு ஆற்றல் வரைபடத்தில் ஹீலியம் தன் அண்டை அணுக்கருக்களைவிட ஏன் உயர்ந்து நிற்கிறது, கதிரியக்கத் தனிமங்கள் ஏன் ஆல்பா துகளாகவே அதை வெளியேற்றுகின்றன என்று வகுப்பில் விளக்க வேண்டிய இடத்தில், பிழையான கணக்கு அந்த உயரத்தையே தரைமட்டமாக்கிவிடுகிறது.

அணு நிறை அலகில் கணக்கிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் நேராது, ஏனெனில் அந்த அட்டவணைகள் ஆறு தசம இடங்கள் வரை தரப்பட்டிருக்கும். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்து 4.032980, ஹீலியம் அணு 4.002603, வேறுபாடு 0.030377. ஓர் அலகுக்கு 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட் வீதம் பெருக்கினால் 28.3 வந்துவிடுகிறது. ஆனால் இங்கே வேறொரு பள்ளம் உண்டு, என் மாணவர்கள் பலர் அதில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். ஹீலியத்துக்கு அணுவின் நிறையை எடுத்துக்கொண்டு, ஹைட்ரஜன் அணுவுக்குப் பதிலாக வெறும் புரோட்டானின் 1.007276 ஐப் போட்டால், ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு எலக்ட்ரான்கள் விடுபட்டு விடை 27.3 ஆகிவிடும். குறையும் ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட், அந்த இரு எலக்ட்ரான்களின் நிறையே (ஒவ்வொன்றும் 0.511). எனவே அட்டவணை தருவது அணுவின் நிறையா, அணுக்கருவின் நிறையா என்பதை வினாவிலேயே குறிப்பிட வேண்டும்.

931 என்ற எண்ணை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகள் அதை ஒரு முறையாவது தாங்களே வருவித்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதுண்டு. ஓர் அணு நிறை அலகான 1.66054 × 10⁻²⁷ கிலோகிராமை ஒளிவேகமான 2.99792 × 10⁸ இன் வர்க்கத்தால் பெருக்கினால் 1.49242 × 10⁻¹⁰ ஜூல். அதை ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டின் மதிப்பான 1.602177 × 10⁻¹³ ஜூலால் வகுத்தால் 931.49. ஒளிவேகம் 1983 இலும் எலக்ட்ரானின் மின்னூட்டம் 2019 இலும் மாறா எண்களாக வரையறுக்கப்பட்டுவிட்டதால், எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து கிலோகிராமுக்கு மாற்றுவதில் இப்போது எந்த ஐயப்பாடும் இல்லை. அணு நிறை அலகோ கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கிலோகிராமில் அதன் மதிப்பு இன்றும் ஆய்வகத்தில் அளந்து பெறப்படுவதே. 1961 க்கு முன் இயற்பியலாளர்கள் ஆக்சிஜன்-16 ஐயும் வேதியியலாளர்கள் இயற்கையில் கிடைக்கும் ஆக்சிஜனையும் அடிப்படையாகக் கொண்டு இருவேறு அலகுகளைப் பயன்படுத்தினார்கள் என்பதால், பழைய நூல்களிலிருந்து எண்களை எடுப்போரும் கவனமாக இருக்க வேண்டும்.

செய்திப் பக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மி.எ.வோ.' என்று சுருக்கி அச்சிடும்போது அது மில்லியா (ஆயிரத்தில் ஒரு பங்கு), மில்லியனா (பத்து லட்சம்) என்பது வாசகருக்குத் தெரிவதில்லை. இரண்டுக்கும் நூறு கோடி மடங்கு வேறுபாடு. எங்கள் மாவட்டத்தின் பொட்டிப்புரம் ஆய்வுக்கூடத் திட்டத்தால் தமிழகம் முழுவதும் அறிந்த நியூட்ரினோவின் நிறை ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. 2012 இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளின் நிறை 125 கிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறக்குறைய ஒரு சீசியம் அணுவின் நிறை. இவ்வளவு அகன்ற வீச்சில் ஓர் எழுத்துச் சுருக்கத்தை நம்பியிருக்க முடியாது. எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலின் அலகு என்பதையும், ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்த பிறகே அது நிறையைக் குறிக்கிறது என்பதையும் ஓர் அடைப்புக்குறிக்குள்ளேனும் சொல்லிவிடலாம். 'எடை' என்று எழுதும் இடங்களில் 'நிறை' என்று திருத்தவும் வேண்டுகிறேன்.

மேற்படி விடையின் திருத்தத்தை, முழு இலக்கங்களுடன் கூடிய கணக்கோடு, அடுத்த மாணவர் பக்கத்திலேயே வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர்,
தேனி மாவட்டம்.